அத்தியாயம் 6: எந்தப் பாட்டை வைத்துக்கொள்வது?

வேளச்சேரியில் பாட்டுப் பெட்டிகள் இருக்கும் வீடுகளில் பல, வேறு பேட்டையிலிருந்து குடிவந்தவர்களின் வீடுகள். மயிலாப்பூரில் மாடி வீடு, மேற்கு மாம்பலத்தில் தனி வீடு, நங்கநல்லூரில் பரண் வைத்த பழைய வீடு என்று இருந்தவர்கள், இடத்தை பில்டரிடம் கொடுத்துவிட்டோ பிள்ளைகள் பக்கத்தில் இருக்கட்டும் என்றோ தண்டீஸ்வரம், விஜயநகர், ராம் நகர் பக்கம் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். தாத்தா வாங்கிய 78 சுற்று இசைத்தட்டுகளும் அப்பாவின் எல்பிகளும் கூடவே வந்தன. எண்பதுகளில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்து வாங்கிய கேசட்டுகள், அதற்குப் பிறகு சேர்ந்த சிடிக்கள் எல்லாம் இன்று கட்டிலுக்கு அடியிலும் லாஃப்டிலும் பால்கனி அலமாரியிலும் கிடக்கின்றன.

இடம் போதவில்லை என்று தெரிந்த நாளில் வீட்டில் இரண்டு குரல்கள் எழும். “அப்பா, எல்லாம்தான் போன்லயே கிடைக்குதே, இதை எதுக்கு வச்சிருக்கீங்க?” என்று மகள் கேட்பாள். அப்பாவோ ஒன்றைக்கூடக் கொடுக்க மனமில்லாமல் நிற்பார். மகள் சொல்வதில் பெரும்பகுதி உண்மை. பெட்டியில் பாதிக்கு மேல் போனில் கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் கிடைக்காத பகுதி எது என்று பிரித்துப் பார்க்காமல் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தால், போனது போனதுதான். அப்பாவின் தயக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பிரித்துப் பார்க்க மறுத்து எல்லாவற்றையும் பூட்டி வைத்தால், பூஞ்சையோ வெள்ளமோ அவருக்குப் பதிலாக முடிவெடுத்துவிடும்.

ஆகவே, ‘எனக்குப் பிடித்தது எது’ என்பதை முதல் கேள்வியாக வைக்க வேண்டாம். ‘இது இந்த வீட்டை விட்டால் வேறு எங்காவது இருக்கிறதா’ என்று முதலில் கேளுங்கள். பிடித்ததும் பிடிக்காததும் அடுத்த சுற்றில் வரட்டும். இந்த அத்தியாயம் முழுவதும் இந்த வரிசையின்படியே போகிறது.

முதலில் இடத்தை அளந்துகொள்ளுங்கள்

சேகரிப்பை எண்ண ஆரம்பிக்காதீர்கள். எண்ண ஆரம்பித்தால் ஒவ்வொரு உறையையும் எடுத்துப் பார்ப்பீர்கள். பொழுது போய்விடும், வேலை நடக்காது. முதலில் டேப்பை எடுத்து அலமாரியை அளந்துகொள்ளுங்கள். உறையோடு சேர்த்து ஓரடி நீளத்தில் எழுபது, எழுபத்தைந்து எல்பிகள் நிற்கும். பெட்டியோடு கேசட் என்றால் ஓரடிக்குப் பதினெட்டு. சிடி முப்பது. புதிய வீட்டில் பாட்டுக்கென்று எத்தனை அடி கொடுக்க முடியும் என்று வீட்டில் உட்கார்ந்து பேசி ஒப்புக்கொள்ளுங்கள். அந்த எண் கையில் இருந்தால் பிறகு வாக்குவாதம் குறையும்.

எடையையும் கணக்கில் எடுங்கள். நூறு எல்பிகள் உறையோடு இருபது கிலோவைத் தாண்டும். ஆணியில் தொங்கும் மெல்லிய பலகை அலமாரி அதைத் தாங்காது. இசைத்தட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாகப் படுக்க வைத்தால் அடியில் உள்ளவை வளைந்துவிடும், நிற்க வைத்தே அடுக்க வேண்டும். மேல்தளத்து ஃபிளாட்டில், மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள லாஃப்ட், மே மாத வெயிலில் எல்பிக்கு ஆகவே ஆகாது.

இந்த வீட்டில் மட்டும் இருப்பவை

முதலில் தேட வேண்டியது இதைத்தான். இவை பெரும்பாலும் அழகான உறையில் இருக்காது. பெயர் எழுதாத கேசட், துருப்பிடித்த டப்பாவில் ஒரு ஸ்பூல் நாடா, பேனா மை அழிந்த ஒரு சிடி. பார்த்ததும் கழித்துவிடத் தோன்றுபவையே இவற்றில் அதிகம்.

என்னென்ன இருக்கலாம்? ஒன்று, கச்சேரிப் பதிவு. சபாவில், கோயில் உற்சவத்தில், கல்யாணத்தில் ரசிகர் ஒருவர் மடியில் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிந்தது. அந்தக் காலத்தில் பெரிய வித்வான்களின் முழுக் கச்சேரிகளைக் கம்பெனிகள் வெளியிட்டது அபூர்வம். 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் அடங்கும். ராத்திரி முழுக்க வீதியுலாவில் தோடி வாசித்த நாகஸ்வர வித்வான் டி.என். ராஜரத்தினம் பிள்ளையை அந்தச் சில நிமிடங்களுக்குள் அடக்கித்தான் கம்பெனிகள் விற்றன. முழு ஆலாபனை எப்படிப் போயிற்று, தனி ஆவர்த்தனத்தில் என்ன நடந்தது என்று பின்னால் வந்தவர்களுக்குத் தெரிய வழி செய்தவை வானொலிப் பதிவுகளும் இப்படிப்பட்ட ரசிகர்களின் நாடாக்களும்தான். ஒலி மோசமாக இருக்கிறது, நடுவில் இருமல் சத்தம் கேட்கிறது என்பதற்காக எந்தக் கச்சேரி நாடாவையும் கழிக்காதீர்கள்.

இரண்டு, வானொலியிலிருந்து பதிந்தவை. சென்னை வானொலி நிலையம் 1938 முதல் ஒலிபரப்புகிறது. ஒலிபரப்பானது எல்லாம் நிலையத்தின் பெட்டகத்தில் தங்கிவிடவில்லை. நாடாவை அழித்து மறுபடி பயன்படுத்துவது உலகம் முழுக்க வானொலிகளில் இருந்த வழக்கம். ஒரு நாடகம், ஒரு நேர்காணல், ஒரு கிராமியப் பாட்டு நிகழ்ச்சி உங்கள் கேசட்டில் மட்டும் பிழைத்திருக்கலாம்.

மூன்று, வீட்டுக் குரல்கள். பாட்டி பாடிய தாலாட்டு, நலங்குப் பாட்டு, ஒப்பாரி. பெரியப்பா கல்யாணத்து நாகஸ்வரம். குழந்தையின் முதல் திருக்குறள். எழுபது, எண்பதுகளில் துபாய்க்கும் சவூதிக்கும் வேலைக்குப் போனவர்கள் கடிதம் எழுதுவதற்குப் பதில் கேசட்டில் பேசி அனுப்புவார்கள். ஊரிலிருந்து குடும்பமே சுற்றி உட்கார்ந்து பதில் பேசி அனுப்பும். அப்படி ஒரு கேசட் உங்கள் பெட்டியில் இருந்தால், மொத்தச் சேகரிப்பிலும் விலைமதிப்பற்றது அதுதான்.

இவற்றைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு ஓரத்திலும் சின்னச் சதுரத் துளைகள் இருக்கும். கடையில் விற்ற பாட்டுக் கேசட்டுகளில் அந்த இடத்துப் பிளாஸ்டிக் தகடு இல்லாமலே வரும். மேலே யாரும் பதிந்துவிடக் கூடாது என்பதற்காக. அந்தத் துளையில் செல்லோடேப் ஒட்டியிருந்தாலோ காகிதமோ பஞ்சோ அடைத்திருந்தாலோ, யாரோ அதில் வேறு எதையோ பதிந்திருக்கிறார்கள் என்று பொருள். மேலே சினிமாப் படத்தின் பெயர் அச்சிட்டிருக்கும், உள்ளே தாத்தா பேசிக்கொண்டிருப்பார். பக்திப் பாட்டுக் கேசட்டுகளை மொத்தமாகக் கழிக்கும் முன் ஒவ்வொன்றின் விளிம்பையும் பாருங்கள். நூறு கேசட்டைப் பார்க்க அரைமணி நேரம்கூட ஆகாது.

கச்சேரிப் பதிவு உங்களிடம் மட்டும்தான் இருக்கிறதா என்று அறிய, பாடகர் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் போதாது. பக்கவாத்தியக்காரர்கள் யார், எந்த சபா, எந்த ஆண்டு, பிரதான ராகம் எது என்று குறித்துக்கொள்ளுங்கள். வணிகமாக வெளிவராத கர்நாடக இசைப் பதிவுகளைத் தன்னார்வலர்கள் சேர்த்துப் பகிரும் ‘சங்கீதப்ரியா’வில் அதே கச்சேரி இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். இருந்தால்கூட உங்கள் நாடாவில் தெளிவு கூடுதலாக இருக்கலாம். அவர்களிடம் விடுபட்ட துக்கடா உங்களிடம் இருக்கலாம். கேட்டுப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

ஒருகாலத்தில் இருந்து, இப்போது அரிதானவை

தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ 1931இல் வந்தது. அதன் படச்சுருள் இன்று இல்லை. நாடக மேடையை ஆண்ட எஸ்.ஜி. கிட்டப்பா, திரைப்படம் எதிலும் நடிக்காமலே 1933இல், முப்பது வயதுகூட ஆகாமல், காலமானார். அவர் குரல் இன்றும் கேட்கிறதென்றால், இசைத்தட்டுகளை உடையாமல் பத்திரப்படுத்திய வீடுகளே காரணம். வி.ஏ.கே. ரங்காராவ் போன்றவர்கள் சென்னையில் ஆயிரக்கணக்கில் இசைத்தட்டுகளைச் சேர்த்து வைத்ததால்தான் பழைய பாட்டுகளைப் பற்றி ஆதாரத்தோடு பேச முடிகிறது. கம்பெனியிடம் தாய்ப் பிரதி இருக்கும் என்று நம்பி நம் பிரதியை எறிவது தவறு. 2008இல் அமெரிக்காவில் யுனிவர்சல் ஸ்டூடியோ வளாகத்தில் தீப்பிடித்தபோது எரிந்தவற்றில் இசைக் கம்பெனியின் தாய் நாடாக்களும் உண்டு. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதி.

எனவே 78 சுற்றுத் தட்டுகளில் நாடகப் பாட்டு, நகைச்சுவைத் தட்டு, தேசபக்திப் பாட்டு, பெயர் அதிகம் கேள்விப்படாத பாடகர் ஆகியவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். பிரபலமான சினிமாப் பாட்டுத் தட்டுகளைக் காட்டிலும் இவைதான் ஆய்வாளர்களுக்கு வேண்டும். சினிமாப் பாட்டிலும் ஒரு நுட்பம் உண்டு. மூன்று நிமிடத்துக்குள் அடக்க இசைத்தட்டில் ஒரு சரணத்தை விட்டிருப்பார்கள், அல்லது படத்துக்கு ஒரு முறையும் தட்டுக்கு ஒரு முறையும் தனித்தனியாகப் பாடியிருப்பார்கள். பின்னாளில் எதிரொலி கூட்டி, புதுத் தாளவாத்தியம் சேர்த்து வந்த மறுபதிப்புகளும் உண்டு. போனில் கேட்பது அந்த மறுபதிப்பாக இருக்கலாம். சந்தேகமிருந்தால் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள்.

கேசட்டிலும் இதே கதைதான். சின்னக் கம்பெனிகள் வெளியிட்ட ஊர்க் கோயில் பாட்டு, வில்லுப்பாட்டு, பட்டிமன்றம், கூத்து, உள்ளூர் மேடைப் பேச்சு போன்றவை சிடிக்கே வரவில்லை. கம்பெனி மூடிய பிறகு தேடினாலும் கிடைக்காது. பெரிய கம்பெனி சினிமாக் கேசட் பத்தைக் கொடுத்துவிட்டு, இப்படி ஒன்றை வைத்துக்கொள்வது லாபமான பேரம்.

எங்கும் கிடைப்பவை

எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் 1963இல் எல்பியாக வந்தது. சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம் இல்லாத வீடு அபூர்வம். ஒரே வீட்டில் இவை எல்பியாக ஒன்று, கேசட்டாக இரண்டு, சிடியாக ஒன்று இருப்பதைப் பார்க்கலாம். இதில் மனம் தடுமாற வேண்டாம். எந்த வடிவத்தில் கேட்கிறீர்களோ அதில் ஒன்று போதும், மற்றவற்றைக் கொடுத்துவிடலாம்.

பிடித்தது எது என்ற கேள்வி வர வேண்டிய இடம் இதுதான். போனில் கிடைக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் கொடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தத் தட்டை எடுத்துத் துடைத்து ஊசியை வைப்பது உங்களுக்கு வேண்டுமென்றால், அதற்கு இடம் கொடுங்கள். ஆனால் அடியளவு முன்பே ஒப்புக்கொண்டது, அதற்குள் நிற்கட்டும். போட்டுக் கேட்கும் கருவி இல்லாமல் எல்பிகளை மட்டும் வைத்திருப்பவர்கள், ஒன்று பிளேயரைப் பழுதுபார்த்துக் கொள்ளுங்கள், அல்லது உங்கள் மனதுக்கு வேண்டிய சிலவற்றை மட்டும் நிறுத்திக்கொண்டு மீதியைக் கேட்கக் கூடியவரிடம் கொடுங்கள்.

ரெக்கார்டிங் கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கிய கேசட்டுகளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அதில் உள்ள பாட்டுகள் பெரும்பாலும் வேறு வடிவத்தில் கிடைக்கும். எழுதிய பட்டியல் அட்டையைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு கேசட்டை விட்டுவிடலாம். அந்தப் பட்டியல் உங்கள் இருபது வயதின் ரசனைக்குச் சாட்சி. அதே வரிசையில் போனில் பாட்டுகளை அடுக்கிக் கேட்க ஐந்து நிமிடம் போதும்.

பர்மா பஜார் எம்பி3 சிடிக்களில் யோசிக்க ஒன்றுமில்லை. கழியுங்கள்.

கணினிக்கு மாற்றுவது

எல்லாவற்றையும் டிஜிட்டல் ஆக்கிவிட்டு அசலைக் கொடுத்துவிடலாம் என்று பலர் கிளம்புகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 90 நிமிடக் கேசட் ஐந்நூறு என்றால் 750 மணி நேரம். ஓடும் நேரத்திலேயே பதிய வேண்டும், குறுக்கு வழி கிடையாது. தினம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் ஓர் ஆண்டுக்கு மேல் ஆகும். ஆகவே முதல் குவியலை, அதாவது இந்த வீட்டில் மட்டும் இருப்பவை முழுவதையும் மாற்றுங்கள். இரண்டாவதில் அரிதானதை மட்டும் மாற்றுங்கள். எங்கும் கிடைக்கும் மூன்றாவது குவியலை மாற்றுவது வீண் உழைப்பு.

நல்ல டெக் ஒன்றை ஏற்பாடு செய்து, ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு ஆரம்பியுங்கள். எல்பியையும் அதே ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து துடைக்கலாம். ஆனால் 78 சுற்றுத் தட்டில் ஆல்கஹால் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது. அது அரக்கால் ஆனது, ஆல்கஹாலில் கரைந்துவிடும். உடையவும் செய்யும், கீழே மெத்தை விரித்து வைத்துக்கொண்டு கையாளுங்கள். அதை எல்பி ஊசியில் போடக் கூடாது. அதன் தடம் அகலமானது, அதற்கென்று தனி ஊசி உண்டு. ஸ்பூல் நாடாவை வீட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டாம். பல ஆண்டு ஓடாத இயந்திரத்தில் போட்டால் நாடா அறுந்துவிடும், அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள்.

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் சுருக்காத வேவ் கோப்பாகப் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிபி வரும். ஃபிளாக் ஆக்கினால் தரம் குறையாமல் ஏறக்குறைய பாதி. 750 மணி நேரம் என்றாலும் ஒரு டிபி வட்டில் அடங்கிவிடும். எம்பி3 பிரதியைக் கேட்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள், காப்பதற்கு வேண்டாம். இரைச்சல் நீக்கும் மென்பொருளை மூலக் கோப்பில் ஓட்டாதீர்கள். இரைச்சலோடு வயலினின் மெல்லிய ஓசையும் போய்விடும். அறிவிப்பாளர் குரல், சுருதி சேர்ப்பது, கைதட்டல் எதையும் வெட்ட வேண்டாம். எந்தக் கச்சேரி என்று பின்னால் ஒருவர் அடையாளம் காண்பதே அவற்றை வைத்துத்தான். கோப்பின் பெயரில் பாடகர், இடம், ஆண்டு, எந்தப் பக்கம் என்பதை எழுதுங்கள். மாற்றி முடித்த பிறகும் முதல் குவியலின் அசல் நாடாவை எறியாதீர்கள். வட்டு ஒருநாள் சொல்லாமல் நின்றுபோகும்.

வேளச்சேரிக்காரர்களுக்கு மட்டும்

2015 டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கி இருபத்து நான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. வேளச்சேரியின் பல தெருக்களில் தரைத்தளம் முழுகியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் ராம் நகர், ஏ.ஜி.எஸ். காலனி பக்கம் தண்ணீர் பல நாள் நின்றது. ஏரிக்கும் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கும் இடைப்பட்ட தாழ்வான பூமி இது, தண்ணீர் மறுபடியும் வரும். தரைத்தளத்தில் இருப்பவர்கள் இடுப்பளவுக்குக் கீழே எந்தப் பாட்டையும் வைக்காதீர்கள். முதல் குவியலைத் தரைத்தளத்திலேயே வைக்காதீர்கள். மாடியில் உள்ள நம்பிக்கையான வீட்டில் ஒரு அட்டைப் பெட்டிக்கு இடம் கேளுங்கள். கோப்புகளின் ஒரு பிரதி வேளச்சேரிக்கு வெளியே, முடிந்தால் சென்னைக்கே வெளியே, கோயம்புத்தூர் தங்கையிடமோ வெளிநாட்டு மகனிடமோ இருக்க வேண்டும்.

நனைந்துவிட்டால்: கேசட்டையும் ஸ்பூலையும் ஓட்டிப் பார்க்காதீர்கள். சேறு காய்வதற்குள் நல்ல தண்ணீரில் அலசி, மின்விசிறிக் காற்றில் நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போடக் கூடாது, ஹேர் டிரையர் கூடாது. எல்பியை உறையிலிருந்து உடனே பிரித்து எடுங்கள், உறை போனாலும் தட்டு பிழைக்கும். உறையை முன்பே இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வைத்திருந்தால் அதிலுள்ள குறிப்புகளாவது தப்பும். அரக்குத் தட்டைத் தண்ணீரில் ஊறவிடாமல் அலசிய கையோடு துடைத்துவிடுங்கள்.

யாரிடம் கொடுப்பது

தரமணி நமக்குப் பக்கத்து ஊர். அங்குள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஒரு தனி மனிதரின் சேகரிப்பிலிருந்து பிறந்தது. செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதிய ஓவியர். கைக்காசைப் போட்டு நூலும் இதழும் நாடக நோட்டீசும் பாட்டுப் புத்தகமும் சேர்த்தார். 1992இல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, தமிழ்நாட்டிலேயே இருக்கும்படி செய்தது. 1994இல் நூலகம் உருவானது. சேகரிப்பு சிதறாமல் ஒரே இடத்தில் நின்றதால்தான் இன்று அதை வைத்து ஆய்வு நடக்கிறது. உங்கள் பெட்டியில் பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்கள், கச்சேரி அழைப்பிதழ்கள், கம்பெனி விலைப்பட்டியல்கள் இருந்தால் அவற்றைப் பழைய பேப்பரோடு போடும் முன் அங்கே கேளுங்கள். இசைத்தட்டைப் போலவே இவையும் ஆவணம்தான்.

கர்நாடக இசைப் பதிவு என்றால் மியூசிக் அகாடமியை அணுகலாம். டாக் குழுமத்தின் கொடையால் அங்கே அமைந்த டிஜிட்டல் கேட்பகத்தில் ஆயிரக்கணக்கான மணி நேரக் கச்சேரிகளை உட்கார்ந்து கேட்க முடிகிறது. பழைய இசைத்தட்டுகளுக்கு மும்பையில் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் இருக்கிறது. நாட்டார் பாட்டு, கூத்துப் பதிவுகளுக்கு குருகிராமில் அமெரிக்க இந்தியவியல் கழகம் 1982 முதல் நடத்தும் இசையியல் ஆவணக் காப்பகம் உண்டு. மாணவர்கள் கேட்டுப் பயன்பெறட்டும் என்றால் பிராடி கோட்டையில் இயங்கும் அரசு இசைக் கல்லூரியில் விசாரியுங்கள்.

எங்கேயும் பெட்டியோடு போய் இறங்காதீர்கள். பட்டியலை முதலில் அனுப்புங்கள். காப்பகங்களுக்கும் இடநெருக்கடி உண்டு, ஏற்கெனவே இருப்பதை அவர்கள் வாங்க மாட்டார்கள். ‘இவ்வளவும் எடுத்தால்தான் தருவேன்’ என்று நிபந்தனை வைத்தால் எதுவும் நடக்காது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் பால் மாவின்னி என்பவர் சுமார் முப்பது லட்சம் இசைத்தட்டுகளைச் சேர்த்து, மொத்தமாக வாங்க ஆள் தேடிப் பல ஆண்டுகள் அலைந்தார். கடைசியில் 2013இல் பிரேசில் நாட்டுப் பேருந்து முதலாளி ஒருவர்தான் வாங்கினார். நமக்கு அப்படி ஒரு முதலாளி வருவார் என்று காத்திருக்க முடியாது. பிரித்துக் கொடுப்பதே நடக்கிற காரியம்.

உரிமை பற்றி இரண்டு வரி. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டு உரிமை. 1964இல் வெளியான தட்டுக்கு அது 2024 முடிவோடு தீர்ந்தது. பாட்டு வரிக்கும் மெட்டுக்கும் தனிக் கணக்கு. எழுதியவர் மறைந்த பிறகு 60 ஆண்டு. கண்ணதாசன் காலமானது 1981இல், அவர் வரிகளுக்கு 2041 முடிய உரிமை இருக்கிறது. கச்சேரி மேடையில் பாடியவருக்கும் 50 ஆண்டு உரிமை உண்டு. ஆகவே காப்பகத்துக்குப் பிரதியைக் கொடுப்பது வேறு, யூடியூபில் ஏற்றுவது வேறு. ஏற்றும் முன் கலைஞரையோ அவர் குடும்பத்தையோ கேட்டுவிடுவது மரியாதை. பெரும்பாலும் மகிழ்ச்சியோடு சரி என்பார்கள். அந்தப் பதிவு இருப்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

விற்பதும் கழிப்பதும்

இளையராஜா எல்பிகளுக்கு இன்று தேடி வந்து வாங்க ஆள் இருக்கிறது. உறை கிழியாமல் இருந்தால் நல்ல விலை. கதை வசனத் தட்டுகளுக்கும் கேட்கிறவர்கள் உண்டு. பக்திக் கேசட்டுக்கும் சினிமா சிடிக்கும் விலை இல்லை, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். 1985இல் மூர் மார்க்கெட் எரிந்த பிறகு அதன் பழைய பொருள் வியாபாரிகள் பக்கத்திலுள்ள அல்லிக்குளம் வளாகத்துக்கு வந்தார்கள். இசைத்தட்டு வாங்குகிறவர்களை அங்கே இன்னும் பார்க்கலாம். நேரில் போய் இரண்டு மூன்று கடையில் விலை கேட்டபின் கொடுங்கள். வீட்டுக்கு வந்து மொத்தமாகத் தூக்கிக்கொண்டு போகிறேன் என்பவரிடம் முதல் குவியலைக் காட்டவே வேண்டாம்.

யாருக்கும் வேண்டாதது மிஞ்சும். போகியன்று எல்பியையும் கேசட்டையும் நெருப்பில் போடாதீர்கள். எல்பி பிவிசி, அதன் புகை குழந்தைகளின் மூச்சுக்கு நஞ்சு. குப்பைத் தொட்டியில் போட்டால் அது பெருங்குடிக் கிடங்குக்கு, அதாவது நம் சதுப்பு நிலத்தின் மேலேயே போய்ச் சேரும். கேசட்டின் பிளாஸ்டிக் ஓட்டையும் சிடிப் பெட்டியையும் காயலான் கடையில் எடுத்துக்கொள்வார்கள். டெக், பிளேயர் போன்றவற்றை மின்கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள்.

சேகரித்தவர் இல்லாத வீட்டில்

பெட்டி உங்களுடையதாக இல்லாமல், காலமான கணவருடையதாக, அப்பாவுடையதாக இருந்தால், பதின்மூன்றாம் நாள் முடிந்த கையோடு பழைய பேப்பர்காரரைக் கூப்பிடாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு டிக்கெட் தேதி நெருங்கும். அந்த அவசரத்தில்தான் பல நல்ல சேகரிப்புகள் அழிந்தன. ஓர் ஆண்டு போகட்டும். அதுவரை பெட்டிகளை உயரத்தில் ஏற்றி வைத்தால் போதும். அவரோடு கச்சேரிக்குப் போன நண்பர் ஒருவர் இருப்பார். அவரைக் கூப்பிட்டுப் பெயர் எழுதாத கேசட்டுகளைக் காட்டுங்கள். குரலைக் கேட்டதும் யார், எந்த ஆண்டு, எந்த சபா என்று சொல்லிவிடக் கூடியவர்கள் அவர்கள், அவர்களுக்கும் வயதாகிறது.

சேகரித்தவர் நீங்களே என்றால் அந்த வேலையை வேறு யாருக்கும் மிச்சம் வைக்காதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை மற்ற எதையும் தொட வேண்டாம். பெயர் எழுதாத கேசட்டுகளையும் ஸ்பூல்களையும் மட்டும் ஒரு பெட்டியில் சேர்த்து, தெரிந்த வரையில் ஒவ்வொன்றின் மேலும் யார், எங்கே, எப்போது என்று பால்பாயின்ட் பேனாவால் சீட்டு எழுதி ஒட்டுங்கள். அந்தப் பெட்டியின் மேல் ‘கொடுக்கக் கூடாது’ என்று பெரிதாக எழுதி, அது எங்கே இருக்கிறது என்பதை உங்கள் பிள்ளைகளிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.